அப்பாவோட மேப்ல இருக்கிற தேதிங்க: ஈழப்போர்ல நெஜமான திருப்பம் எது?

பென்சில்கோடு | சனி இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்துல நாப்பது வருஷமா இருந்த வாடகை வீட்ட காலி பண்றோம். பரண்ல இருந்து அப்பாவோட ட்ரங்க் பெட்டிய இறக்கினா, அடியில துணி ஒட்டின பெரிய இலங்கை மேப் ஒண்ணு சுருட்டி வச்சிருக்கு. சின்ன வயசுல ஹால் சுவத்துல காலண்டர் பக்கத்துல தொங்கும், நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா ஹார்பர்ல க்ளார்க், எந்தக் கட்சியும் கிடையாது, ஆனா ராத்திரி பிபிசி தமிழோசை ஆரம்பிச்சா வீட்ல ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது, செய்தி முடிஞ்சதும் பென்சில எடுத்து ராணுவம் எதுவரைக்கும் வந்திருக்கு, புலிங்க எதுவரைக்கும் இருக்காங்கன்னு கோடு போடுவார். அடுத்த வாரம் ரப்பரால அழிச்சிட்டு புதுக் கோடு. அழிச்சு அழிச்சே ஆனையிறவு கிட்ட பேப்பர் தேஞ்சு துணி தெரியுது.

கோட்டத்தான் அழிச்சிருக்கார், தேதிய அழிக்கல. 29-7-87 கொழும்பு, ராஜீவ் ஜெயவர்த்தனா ஒப்பந்தம். 10-10-87 யாழ்ப்பாணம், நம்ம படை சண்டைய ஆரம்பிச்ச நாள். 24-3-90 திருகோணமலை, "கடைசி கப்பல் கிளம்பியது"ன்னு எழுதியிருக்கார். ஜூலை 91 ஆனையிறவு, 30-10-95 நாவற்குழி, 18-7-96 முல்லைத்தீவு, 13-5-97 வவுனியா, அப்புறம் 22-4-2000 ஆனையிறவு, இதுக்கு மட்டும் ரெண்டு வட்டம்.

ஒண்ணு கவனிச்சேன். 22-2-2002 போர்நிறுத்தக் கோட்ட மட்டும் பென்சில்ல போடல, பேனா மையில போட்டிருக்கார். இனிமே அழிக்க வேண்டியதில்லன்னு நெனச்சிருப்பார் போல.

அப்பா போய் பல வருஷம் ஆச்சு, கேக்க ஆளில்ல. என் கணக்குல ரெண்டு வட்டம் போட்ட அந்த 2000 ஏப்ரல் தான் போரோட திருப்பம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேளச்சேரி_வாசு | சனி இரவு 9.50

அண்ணா அருமையான பொக்கிஷம், ஒவ்வொரு இஞ்சும் போட்டோ எடுத்து வச்சிடுங்க மொதல்ல.

உங்க அப்பா ரெண்டு வட்டம் போட்டது ரொம்ப சரி. ஆனையிறவுங்கிறது யாழ் குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கிற ஒடுக்கமான கழுத்து மாதிரி, ரெண்டு பக்கமும் உப்புக் கடல்நீரேரி, நடுவுல கண்டி ரோடு. 1991 ஜூலைல புலிங்க நேருக்கு நேரா மோதினாங்க, புல்டோசருக்கு இரும்புத் தகடு கட்டி ஓட்டிட்டுப் போனாங்க, அப்படியும் முடியல. ராணுவம் கடல் வழியா வெற்றிலைக்கேணில ஆளுங்கள இறக்கி முகாம காப்பாத்திடுச்சு. ஒரு மாசத்துல புலிங்க தரப்புல மட்டும் 500 பேருக்கு மேல செத்தாங்க.

2000ல பாடம் கத்துக்கிட்டு வந்தாங்க. மார்ச் 26 ராத்திரி பால்ராஜ் தலைமையில ஆயிரத்துச் சொச்சம் பேர் குடாரப்பு கரையில இறங்கி, முகாமுக்குப் பின்பக்கம் இத்தாவில்ல கண்டி ரோட்ட மறிச்சு உக்காந்துட்டாங்க, வாரக்கணக்குல ராணுவம் எவ்ளோ அடிச்சும் அவங்கள நகத்த முடியல. ஆனா முகாம் விழுந்ததுக்குக் காரணம் என்ன தெரியுமா, தண்ணி. ஆனையிறவுல எங்க தோண்டினாலும் உப்பு, குடிதண்ணி இயக்கச்சி கிணறுங்கள்ல இருந்துதான் வரணும். புலிங்க இயக்கச்சிய புடிச்சாங்க, ஏப்ரல் மாச வெயில், உள்ள ஆயிரக்கணக்குல சிப்பாய்ங்க, வேற வழியே இல்லாம 22ஆம் தேதி கிளாலிப் பக்கமா பின்வாங்கினாங்க. நம்ம ஊர்ல லாரித் தண்ணிக்கு ஏப்ரல்ல குடத்த வச்சிட்டு நின்னவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். எவ்ளோ பீரங்கி இருந்தாலும் மனுஷனுக்குக் குடிக்க ஒரு சொம்பு தண்ணி வேணுமே.

அதுக்கு முன்னாடி 97 மே மாசம் ராணுவம் ஆரம்பிச்ச ஆபரேஷன் ஜெயசிக்குறு, ஒன்றரை வருஷம் ரத்தம் சிந்தி ராணுவம் புடிச்ச இடத்தையெல்லாம் 99 நவம்பர்ல புலிங்க ஓயாத அலைகள் 3ங்கிற தாக்குதல்ல சில நாள்லயே திருப்பி எடுத்துட்டாங்க. அந்த வேகந்தான் ஆனையிறவு வரைக்கும் கொண்டு வந்துச்சு.

பழையபேப்பர் | சனி இரவு 11.05

நான் 80கள்லயும் 90கள்லயும் ஒரு பத்திரிகைல நியூஸ் டெஸ்க்ல இருந்தவன். டெலிபிரிண்டர்ல வர்றத கிழிச்சு தமிழ்ல எழுதித் தர்றதுதான் வேலை, அதனால இந்தத் தேதி ஒவ்வொண்ணுக்கும் எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் இருக்கு.

வாசு தம்பி சொன்ன சண்டைக் கணக்கு அத்தனையும் சரி. ஆனா திருப்பம்னு கேட்டா நான் சண்டைய சொல்ல மாட்டேன், சண்டை முடிஞ்ச அடுத்த ஆறு மாசம் என்ன பண்ணாங்கன்னு தான் பாப்பேன். ஆனையிறவு விழுந்துச்சு, மே மாசம் சாவகச்சேரி, அரியாலை வரைக்கும் புலிங்க வந்தாச்சு, யாழ்ப்பாணம் நாளைக்கு விழும் நாளான்னைக்கு விழும்னு நாங்க தலைப்பு எழுதி வச்சிட்டு காத்திருந்தோம். விழல. கொழும்பு அவசர அவசரமா மல்டி பேரல் ராக்கெட் லாஞ்சர் வாங்கிச்சு, இஸ்ரேலோட உறவ புதுப்பிச்சுது, டெல்லி ராணுவமா தலையிட மாட்டோம்னுச்சு, கோடு அங்கயே நின்னுடுச்சு. 2001 ஏப்ரல்ல ராணுவம் ஆனையிறவ திருப்பி எடுக்க வந்து தீச்சுவாலைங்கிற ஆபரேஷன்ல செம அடி வாங்கிட்டுப் போச்சு, ஜூலைல கட்டுநாயக்கா ஏர்போர்ட் எரிஞ்சுது. ரெண்டு பக்கமும் மூச்சு வாங்கி நின்ன நேரத்துல தான் நார்வேக்காரங்க சமரச முயற்சி பலிச்சுது. அதான் நீங்க சொன்ன மைக் கோடு. உங்க அப்பா மட்டும் இல்ல தம்பி, 2002 பிப்ரவரில நாங்க எல்லாருமே மனசுக்குள்ள மையிலதான் போட்டுக்கிட்டோம். டிசம்பர்ல ஆஸ்லோல ஒன்றுபட்ட இலங்கைக்குள்ள சமஷ்டிய, அதாவது கூட்டாட்சிய ஆராயலாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டப்ப டெஸ்க்ல ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன்.

2003 ஏப்ரல்ல புலிங்க பேச்சுவார்த்தைய நிறுத்தினாங்க. அக்டோபர் கடைசில இடைக்கால நிர்வாகத் திட்டம் குடுத்தாங்க, குடுத்த சில நாள்லயே ஜனாதிபதி சந்திரிகா பிரதமர் ரணில் அரசுகிட்ட இருந்து மூணு அமைச்சகத்த புடுங்கிக்கிட்டாங்க. எவ்ளோ பெரிய வெற்றியால கிடைச்ச வாய்ப்பு, கையில இருந்து மணல் மாதிரி போச்சு.

இது புதுசும் இல்ல. 1957ல பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழர் தலைவர் செல்வநாயகம் ஒப்பந்தம், அடுத்த வருஷமே பண்டாரநாயக்காவே கிழிச்சாச்சு. 1965ல பிரதமர் டட்லி கூட ஒண்ணு, அதுவும் காத்துல. 77ல தமிழர் கூட்டணி 18 சீட் ஜெயிச்சு அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராவே உக்காந்தார், பாராளுமன்றத்துல. 81ல யாழ்ப்பாண நூலகத்த கொளுத்தினாங்க, 83 ஜூலைல கொழும்பையே கொளுத்தினாங்க, ஆகஸ்ட்ல 6வது திருத்தம் கொண்டு வந்து பிரிவினைய எதிர்த்து சத்தியம் பண்ணாதான் எம்பின்னு சொல்லி அந்தக் கூட்டணிய சபைய விட்டே வெளிய தள்ளிட்டாங்க. பேச வந்தவங்களுக்குப் பேச எடமே இல்லாம போச்சு. துப்பாக்கி வச்சிருந்த பசங்க பின்னாடி ஊரே போனதுக்கு என்னைக் கேட்டா அந்தத் திருத்தந்தான் காரணம். அது எந்த மேப்லயும் வராது.

நிலா_2001 | ஞாயிறு காலை 7.30

ராத்திரியே எல்லாத்தையும் படிச்சிட்டேன். நான் காலேஜ்ல ஹிஸ்டரி படிக்கிறேன், எங்க சிலபஸ்ல இது ரெண்டு பக்கம் கூட இல்ல. ரெண்டு சந்தேகம். அமைதிப்படை போனது சண்டைய நிறுத்தத்தானே, அப்புறம் எப்படி 10-10-87ல நம்மளே சண்டை போட்டோம்? அப்புறம், 2002க்குப் பிறகு அந்த மேப்ல என்ன இருக்குண்ணா?

பழையபேப்பர் | ஞாயிறு காலை 8.15

நிலாம்மா, நல்ல கேள்வி. ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது இந்தியாவும் இலங்கையும், சண்டை போட்டுக்கிட்டு இருந்தவங்க கையெழுத்து அதுல இல்ல. செப்டம்பர்ல புலிங்களோட திலீபன் நல்லூர்ல தண்ணி கூட குடிக்காம 12 நாள் இருந்து செத்தார். அக்டோபர் ஆரம்பத்துல கடல்ல பிடிபட்ட புலித் தளபதிங்க குமரப்பா, புலேந்திரன் இன்னும் பலபேர கொழும்புக்குக் கொண்டு போகப் பாத்தப்ப பலாலில சயனைட் கடிச்சிட்டாங்க. அதோட எல்லாம் முறிஞ்சுது. அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்ல இருந்து இறங்கின சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி பசங்க 30 பேர்ல 29 பேர் மறுநாளுக்குள்ள போயிட்டாங்க, ஒருத்தர் மட்டும் பிடிபட்டார். அதே மாசம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம படை டாக்டர், நர்ஸ், நோயாளின்னு சுட்டதும் நடந்துச்சு, அதையும் நாம சொல்லியே ஆகணும். ரெண்டரை வருஷத்துல நம்ம பக்கம் 1,200 பேர் கிட்ட செத்தாங்க. கடைசில நம்ம படைய வெளிய அனுப்ப இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவே புலிங்களுக்கு ஆயுதம் குடுத்தார், படை போன மூணாம் மாசம் அதே புலிங்களோட அவருக்கு சண்டை. திரும்பி வந்த படைய வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகல.

பென்சில்கோடு | ஞாயிறு காலை 9.40

நிலா, 2002க்கு அப்புறம் ரெண்டு வருஷம் எதுவுமே இல்ல. அப்புறம் மட்டக்களப்பு பக்கத்துல "மார்ச் 2004"ன்னு போட்டு ஒரு கேள்விக்குறி, கோடு கிடையாது. அதுக்கப்புறம் 2006ல மாவிலாறு, மறுபடி பென்சில், அந்த மைக் கோட்டு மேலயே. மைய அழிக்க முடியல, அதனால மேலயே அழுத்தி அழுத்தி போட்டிருக்கார்.

வேளச்சேரி_வாசு | ஞாயிறு காலை 10.20

அந்தக் கேள்விக்குறி கருணா. கிழக்குத் தளபதி, ஆயிரக்கணக்குல கிழக்கு பசங்களோட தனியா பிரிஞ்சது அந்த மார்ச்ல தான், ஏப்ரல்ல வெருகல் ஆத்தங்கரையில புலிங்களே புலிங்கள சுட்டுக்கிட்டாங்க. ஜெயசிக்குறுவ தடுத்து நின்னதுல நெறைய பேர் கிழக்கு பசங்க. அவங்க போனதும் கிழக்கு போச்சு, 2007 ஜூலைல தொப்பிகலைய ராணுவம் புடிச்சப்ப அத தடுக்க ஆளே இல்ல. அதே வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல நடுக்கடல்ல ஆயுதக் கப்பல் நாலையும் நேவி மூழ்கடிச்சது, அதுக்கப்புறம் ஷெல்லுக்கே தட்டுப்பாடு. சார் சண்டைய திருப்பமா எடுத்துக்க மாட்டேன்னு சொல்றார், ஆனா இது ரெண்டுமே சண்டைக் கணக்குதான் சார், மன்னிக்கணும்.

பழையபேப்பர் | ஞாயிறு காலை 10.45

கருணா போனது சண்டைனாலயா தம்பி? கிழக்கான் சாகறான் வடக்கான் பதவில இருக்கான்னு அவர் சொன்ன குறை நெஜமோ பொய்யோ, அது அரசியல். அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, 2005 நவம்பர் 17. ஜனாதிபதி தேர்தல், ஒப்பந்தம் போட்ட ரணில் ஒரு பக்கம், மகிந்த ஒரு பக்கம். புலிங்க சொல்லி தமிழ் ஜனங்க ஓட்டு போடல, யாழ்ப்பாணத்துல நூத்துக்கு ரெண்டு பேர் கூட போகல. மகிந்த ஜெயிச்சது ஏறக்குறைய 1,80,000 ஓட்டுல. வன்னில இருந்தும் யாழ்ப்பாணத்துல இருந்தும் ஓட்டு விழுந்திருந்தா நெலமை வேற. அப்ப நான் ரிட்டையர் ஆகி வீட்ல இருக்கேன், மறுநாள் ரிசல்ட் கேட்டதும் பொண்டாட்டி கிட்ட சொன்னேன், இனி பெரிய சண்டை வரப்போகுதுன்னு.

கிளாலிக்கரை | ஞாயிறு மதியம் 1.10

தம்பி பென்சில்கோடு, நான் யாழ்ப்பாணம் கோண்டாவில். இப்ப இருபது வருசத்துக்கு மேல வளசரவாக்கத்தில இருக்கிறன். உங்கட அப்பா நாவற்குழியில 30-10-95 எண்டு எழுதியிருக்கிறார் எண்டு வாசிச்ச உடன என்னால சமையலைத் தொடர ஏலாமப் போச்சு. அந்த இடத்தில அண்டைக்கு நான் நிண்டனான்.

பின்னேரம் லவுட்ஸ்பீக்கர் கட்டின வாகனம் வந்து, ஆமி வருது எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிடுங்கோ எண்டு அறிவிச்சுப்போட்டுப் போச்சு. நாலஞ்சு லட்சம் சனம், இருக்கிறது ஒரு ரோட்டு, ஒரு பாலம். மழை வேற. அம்மா தையல் மெசினை சைக்கிள் கரியர்ல கட்டினவா, செம்மணி வெளி தாண்டேக்க அதை அவிட்டு ரோட்டுக் கரையில வச்சுப்போட்டு அம்மம்மாவை ஏத்தினவா. தங்கச்சி தண்ணி தண்ணி எண்டு அழுதவள். அம்மா குடையைக் கவிட்டுப் பிடிச்சு மழைத்தண்ணி ஏந்தி அவளுக்குக் குடுத்தவா. எங்களைப்போல கன சனம் குடையைக் கவிட்டுத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டது. பாலம் தாண்ட விடிஞ்சு போச்சு.

இன்னுமொண்டு. நீங்கள் மாம்பலத்தில இருந்து கேட்ட அதே தமிழோசையை நாங்களும் கேட்டனாங்கள். எங்களுக்கு கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைக் கையால சுத்தி டைனமோவில ரேடியோவைப் போடுறது. சுத்துறதை விட்டால் செய்தி நிண்டுபோம். எங்கட வீட்டில சுத்துறது நான். ஒரே செய்திக்கு உங்கட அப்பா கோடு கீறினவர், நான் பெடல் சுத்தினனான் எண்டு நினைக்க நெஞ்சு அடைக்குது.

வாசு தம்பி, சண்டை விவரம் எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள். ஆனால் 96 ஏப்ரலில சனம் திரும்பிப் போனதும் ஒரு திருப்பம்தான். ஆமி பிடிச்ச ஊருக்கு சனம் போகாது எண்டு எல்லாரும் நினைச்சவை. லட்சக்கணக்கில திரும்பிப் போனது. பசியும் காய்ச்சலும், சனம் வேறென்ன செய்யும்.

மண்ணடிக்காரன் | ஞாயிறு மாலை 4.35

அக்கா எழுதுனத படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. மனசுல வச்சுக்கிட்டு போக முடியல, அதனால எழுதுறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க பெரியம்மாவ கல்யாணம் கட்டிக் குடுத்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவுல. 30-10-95 எல்லாருக்கும் தெரியுது. அதுக்கு சரியா அஞ்சு வருஷம் முன்னாடி, அதே அக்டோபர் 30, 1990. புலிங்க யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி, 2 மணி நேரத்துல ஊர விட்டுப் போயிடணும்னாங்க. வழியில மறிச்சு நகைய கழட்டி வாங்கினாங்க, பெரியம்மா காதுல கெடந்த தோட்ட ஒரு சின்னப் பொண்ணு, துப்பாக்கி மாட்டின பொண்ணு, திருகாணி கழலாம பல்லால கடிச்சு கழட்டினத சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த மாசம் மட்டும் வடக்குல இருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல. புத்தளத்துல ஓலைக் கொட்டாய்ல வருஷக்கணக்கா கெடந்தாங்க. அதுக்கு ஏறக்குறைய மூணு மாசம் முன்னாடி ஆகஸ்ட் 3, காத்தான்குடி பள்ளிவாசல்ல தொழுதுக்கிட்டு இருந்தவங்க நூறு பேருக்கு மேல சுட்டுக் கொன்னாங்க.

கிழக்குல தமிழனும் முஸ்லிமும் சேர்ந்து நின்னாதான் வடகிழக்கு இணைப்புன்னு ஒண்ணு பேசவே முடியும். அது அந்த 1990லயே முடிஞ்சு போச்சு. என்னளவுல திருப்பம் அதான். அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உங்க அப்பா மேப்ல 30-10-90 இருக்கா?

பென்சில்கோடு | ஞாயிறு இரவு 8.20

பாய், நீங்க கேட்டதும் மேப்ப தரையில விரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு எல்லாம் பாத்தேன். இல்ல. அழிச்ச தடம் கூட இல்ல.

அம்மா கிட்ட கேட்டேன், 78 வயசு, இதெல்லாம் நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க. "அந்த செய்தி வந்துச்சேடா, உங்கப்பா கேட்டார், பென்சில எடுத்தார், எங்க போடறதுன்னு தெரியாம திருப்பி வச்சிட்டார், அன்னிக்கு கோடு எதுவும் நகரல இல்ல"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. என் அப்பா போட்டிருக்கணும்னு தோணுது பாய், மனசுல பட்டத சொல்றேன்.

இன்னொண்ணும் அப்பதான் பாத்தேன். மேப்போட மேல் ஓரத்துல, நம்ம கரை கொஞ்சமா தெரியற எடத்துல, கட்டத்துக்கு வெளிய வெள்ளைப் பேப்பர்ல ஒரு புள்ளி, பக்கத்துல 21-5-91. ஊர் பேர் எழுதல.

பழையபேப்பர் | ஞாயிறு இரவு 8.55

பேர் எழுதவே வேணாம், ஸ்ரீபெரும்புதூர். அன்னிக்கு ராத்திரி நான் டெஸ்க்ல இருந்தேன். மறுநாள் பஸ் ஓடல, கடை தொறக்கல. அதுவரைக்கும் இந்த ஊர்ல இலங்கைப் பசங்களுக்கு வீடு குடுத்தோம், சாப்பாடு போட்டோம், அதுக்கப்புறம் இலங்கைத் தமிழ்ல பேசினாலே போலீஸ் விசாரணை. கிளாலிக்கரை அம்மாவுக்கே தெரியும் வாடகைக்கு வீடு கேக்கறது எவ்ளோ கஷ்டமாச்சுன்னு. தமிழ்நாடுங்கிற ஒரு பெரிய துணைய அந்த ஒரு குண்டு எடுத்துட்டுப் போயிடுச்சு. உங்க அப்பா கட்டத்துக்கு வெளிய போட்டாலும் சரியான எடத்துல தான் போட்டிருக்கார்.

நிலா_2001 | ஞாயிறு இரவு 9.30

அண்ணா, கடைசித் தேதி என்ன? 2009 மே போட்டிருக்காரா?

பென்சில்கோடு | ஞாயிறு இரவு 10.15

இல்லம்மா. கடைசி 2-1-2009, கிளிநொச்சி. அதுக்கப்புறம் ஆனையிறவு, முல்லைத்தீவு எல்லாம் அந்த மாசத்துலயே போச்சு, அவர் போடல. ரேடியோவ நிறுத்தல, தினம் கேட்டார், பென்சில மட்டும் எடுக்கல. ஜனவரி 29 முத்துக்குமார் சாஸ்திரி பவன் முன்னாடி தீ வச்சுக்கிட்டப்ப, ஒரு ஊர்வலத்துக்கும் போகாத மனுஷன் கொளத்தூர்ல அந்த இறுதி ஊர்வலத்துக்குப் போயிட்டு ராத்திரி செருப்பு அறுந்து வந்தார். மே மாசம் இங்க எலெக்ஷன், 16ஆம் தேதி ரிசல்ட், டிவில ஓட்டு எண்ணிக்கை ஓடுது, கீழ பட்டைல முள்ளிவாய்க்கால்னு ஓடுது. அப்பா கீழ ஓடறத மட்டும் படிச்சிக்கிட்டு இருந்தார். அந்தக் கடைசி மாசங்கள்ல மட்டும் 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐநா குழு 2011ல எழுதினத அவர் படிச்சாரான்னு எனக்கு ஞாபகம் இல்ல. மேப்ப எப்ப கழட்டினார்னும் தெரியல, ஒரு நாள் பாத்தா சுவத்துல ஆணி மட்டும் இருந்துச்சு.

கிளாலிக்கரை | ஞாயிறு இரவு 10.40

தம்பி, அந்த மேப்பில கோண்டாவில் இருக்குதோ?

பென்சில்கோடு | ஞாயிறு இரவு 10.52

அச்சுல இல்லக்கா. ஆனா அப்பா கையால மையில எழுதியிருக்கார், கொஞ்சம் தள்ளி, கொக்குவிலுக்கும் இணுவிலுக்கும் நடுவுல. சரியான எடமான்னு நீங்கதான் பாத்து சொல்லணும். 28ஆம் தேதி வரைக்கும் இந்த வீட்ல தான் இருப்போம். வர்ற ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு மேல யார் வேணாலும் வாங்க, பாய் நீங்க கண்டிப்பா வரணும், அட்ரஸ் தனியா அனுப்பறேன்.

மண்ணடிக்காரன் | ஞாயிறு இரவு 11.03

இன்ஷா அல்லாஹ் வர்றேன் அண்ணே. பெரியம்மா பையன் இப்ப இங்கதான் இருக்கான், அவனையும் கூட்டிட்டு வர்றேன்.

கிளாலிக்கரை | ஞாயிறு இரவு 11.10

நானும் வாறன். எழுத்து சின்னனா இருக்கும், பூதக்கண்ணாடி ஒண்டு கொண்டு வாறன்.